பேப்பரை நிறுத்தலாமா? சந்தாவை முடிக்கும் முன் செய்ய வேண்டியவை

பேப்பரை நிறுத்துவது பெரிய வேலையே இல்லை. காலையில் பேப்பர் போடுகிற தம்பியிடம் "ஒண்ணாம் தேதியிலிருந்து வேண்டாம்ப்பா" என்று சொன்னால் போதும். மாதக் கணக்கை முடித்துக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

சிக்கல் அதற்கு முன்னால் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து வீட்டுக்கு வருகிற பேப்பர். அதைப் படித்துத்தான் எழுத்துக்கூட்டக் கற்றோம். அந்தப் பேப்பரைப் பார்த்தே, "இவங்க போடுறதை இனி எப்படி நம்புறது?" என்று ஒரு நாள் தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றியவர்களில் சிலர் கோபத்தில் அன்றைக்கே நிறுத்திவிடுகிறார்கள். மிச்சப் பேர் திட்டிக்கொண்டே படிக்கிறார்கள், மாதம் பிறந்தால் பணமும் கட்டுகிறார்கள். இரண்டாலும் பேப்பருக்கு எந்தச் சேதியும் போய்ச் சேருவதில்லை. சத்தமில்லாமல் நின்றுபோன சந்தாவை விற்பனைப் பிரிவு "செல்போனுக்குப் போயிட்டாங்க" என்று கணக்கெழுதிவிடும்.

அதனால் நிறுத்துவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். எந்த இடத்தில் நம்பிக்கை போனது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் முடிவாகும்.

கோபம் யார் மேல்?

ஒரு நாளிதழுக்குள் செய்தியாளர்கள், செய்தியைத் திருத்தித் தலைப்பு வைக்கும் உதவி ஆசிரியர்கள், தலையங்கம் எழுதுபவர்கள், விளம்பரப் பிரிவு, முதலாளி என்று பல தரப்பு உண்டு. தவறு ஒரு தரப்பில் நடக்கும், அடி வேறு தரப்பில் விழும்.

அண்மைக் காலத்தில் இதைப் பளிச்சென்று காட்டியது அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட். 2024 அக்டோபர் 25 அன்று, அதிபர் தேர்தலுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, இந்த முறை எந்த வேட்பாளரையும் ஆதரித்து எழுதப்போவதில்லை என்று அந்த நாளிதழ் அறிவித்தது. கமலா ஹாரிஸை ஆதரித்துத் தலையங்கக் குழு ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது என்பதும், அதை நிறுத்திய முடிவு உரிமையாளர் ஜெஃப் பெசோஸுடையது என்பதும் உடனே வெளியே வந்துவிட்டது. சில நாள்களுக்குள் இரண்டரை லட்சம் பேர் சந்தாவை ரத்து செய்தார்கள் என்று என்பிஆர் வானொலி செய்தி வெளியிட்டது. மொத்தச் சந்தாதாரர்களில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. தலையங்கக் குழுவிலிருந்து சிலர் விலகினார்கள். செய்திப் பிரிவில் இருந்தவர்களோ, "எங்களுக்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமில்லை, தயவுசெய்து நிறுத்தாதீர்கள்" என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

இரு பக்கமும் நியாயம் இருந்தது. உலகப் பணக்காரர்களில் ஒருவரான முதலாளிக்குச் சந்தாப் பணம் பெரிய விஷயம் இல்லை. வருமானம் குறைந்தால் முதலில் வேலை போவது செய்தியாளருக்குத்தான். அதே சமயம், சந்தாவைத் தவிர வாசகன் கையில் வேறு பிடி எதுவும் இல்லை. 2025 பிப்ரவரியில், தனிமனித சுதந்திரம், தடையற்ற சந்தை ஆகிய இரண்டையும் கருத்துப் பக்கம் நாள்தோறும் ஆதரித்து எழுதும், அவற்றை எதிர்க்கும் எழுத்துக்கு இனி அங்கே இடமில்லை என்று பெசோஸ் அறிவித்தபோது, அந்தப் பக்கத்தின் ஆசிரியரே பதவி விலகினார். முதல் தடவை பொறுத்திருந்து பார்த்த வாசகர்களுக்கு இரண்டாவது தடவை முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

எனவே ஒரு தாளை எடுத்து, கோபத்துக்குக் காரணமான செய்திகளைத் தேதியோடும் பக்க எண்ணோடும் எழுதுங்கள். "எப்பவுமே இப்படித்தான்" என்று எழுதக் கூடாது. குறிப்பிட்ட செய்தி வேண்டும். ஐந்தாறு தேறினால் அவை எந்தத் தரப்பைக் காட்டுகின்றன என்று தெரிந்துவிடும். எல்லாமே தலையங்கமும் நடுப்பக்கக் கட்டுரைகளும் என்றால், உங்களுக்குப் பேப்பரோடு கருத்து வேறுபாடு இருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக நிறுத்துவது உங்கள் உரிமை. ஆனால் நம்பிக்கை போனது என்று அதைச் சொல்ல முடியாது. செய்திப் பக்கத்திலேயே ஓட்டை என்றால் அடுத்த வேலை இருக்கிறது.

ஒரு மாதம் பென்சிலோடு படியுங்கள்

சோம்பல்படாமல் செய்ய வேண்டிய பகுதி இது. தினமும் பேப்பர் முழுவதையும் அலச வேண்டாம். ஒரு பக்கம் போதும். மாவட்டச் செய்திப் பக்கமாக இருந்தால் நல்லது, ஏனென்றால் அதில் வருவதை நீங்களே நேரில் சரிபார்க்க முடியும்.

ஒவ்வொரு செய்தியிலும் "இதைச் சொன்னது யார்?" என்று தேடி அடிக்கோடு போடுங்கள். பல செய்திகளில் அடிக்கோடு போட இடமே இருக்காது. "கூறப்படுகிறது", "தெரிகிறது", "வட்டாரங்கள் தெரிவித்தன" என்று வினைச்சொல் மட்டும் நிற்கும், ஆள் இருக்க மாட்டார்.

தமிழ் வாசகர் எல்லோருக்கும் பழகிப்போன ஓர் உதாரணம்: "போலீசாரைக் கண்டதும் தப்பியோட முயன்ற வாலிபர் வழுக்கி விழுந்ததில் அவரது வலது கை முறிந்தது." பக்கத்தில் மாவுக்கட்டோடு ஒரு படம். இது முழுக்க முழுக்கக் காவல்துறை சொன்ன கதை. ஆனால் வாக்கியத்தில் "என்று போலீசார் தெரிவித்தனர்" என்ற மூன்று சொல் இல்லை. செய்தியாளர் பக்கத்தில் நின்று பார்த்ததைப் போல இருக்கிறது. இத்தனை பேர் அதே மாதிரி வழுக்கி விழுவது எப்படி என்று வாசகன் சிரிக்கிறான், மீம்ஸ் போடுகிறான். பேப்பர் மட்டும் கேட்பதில்லை. அந்த மூன்று சொல்லைச் சேர்க்கும் பேப்பருக்கும் சேர்க்காத பேப்பருக்கும் உள்ள தூரத்தை நீங்கள் பென்சிலில் அளக்கலாம். குடும்பத்தினரிடமோ வழக்கறிஞரிடமோ ஒரு வார்த்தை கேட்டுப் போட்டிருந்தால் அதற்கு இரண்டு அடிக்கோடு போடுங்கள்.

அடுத்தது செய்திக்குறிப்பு. அரசு அலுவலகங்களும் நிறுவனங்களும் அச்சடித்துத் தருவதை அப்படியே போடுவது. இதைக் கண்டுபிடிக்க உங்கள் ஊர்க் கிளை நூலகம்தான் சரியான இடம். நாலைந்து நாளிதழ்கள் ஒரே மேசையில் கிடக்கும். ஒரே நிகழ்ச்சியின் செய்தியை எல்லாவற்றிலும் விரித்து வைத்துப் பாருங்கள். வாக்கியங்கள் ஒன்றுபோல இருந்தால் யாரும் நேரில் போகவில்லை. திட்டத்தின் மதிப்பு இத்தனை கோடி, 90 சதவீதம் முடிந்தது, விரைவில் பயன்பாட்டுக்கு வரும் என்ற மூன்றும் அதே வரிசையில் இருக்கும். வேறு எங்கும் இல்லாத ஒரு வரி உங்கள் பேப்பரில் மட்டும் இருக்கிறதா என்று தேடுங்கள். பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம் கேட்ட ஒரு வரி போதும். அங்கே இன்னும் ஒரு செய்தியாளர் வேலை பார்க்கிறார் என்று அர்த்தம்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த துறையைத் தனியாகக் கவனியுங்கள். ஆசிரியராக இருந்தால் பள்ளிக்கல்விச் செய்தி, விவசாயி என்றால் கொள்முதல் நிலையச் செய்தி, நர்ஸ் என்றால் அரசு மருத்துவமனைச் செய்தி. அதில் மட்டும் பேப்பர் எத்தனை தப்பு விடுகிறது என்று எண்ணுங்கள். நமக்குத் தெரிந்த விஷயத்தில் பேப்பர் உளறுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் உக்ரைன் பற்றிப் போட்டிருப்பதை அப்படியே நம்புகிறோம். அது விநோதம்தான்.

தலைப்பையும் செய்தியையும் ஒப்பிடுவது, ஆச்சரியக்குறிகளை எண்ணுவது எல்லாம் இரண்டாம்பட்சம். தலைப்பு வைப்பவர் வேறு, செய்தி எழுதியவர் வேறு என்பதால் அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று திருத்தம். தப்பு எல்லாப் பேப்பரிலும் வரும். அதைத் தப்பென்று அச்சில் சொல்கிறார்களா, எங்கே சொல்கிறார்கள் என்பதைப் பாருங்கள். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஜேசன் பிளேர் பல செய்திகளைக் கற்பனையாக எழுதினார், மற்றவர்களிடமிருந்து எடுத்தும் போட்டார். அது தெரியவந்ததும், 2003 மே மாதம், 7,000 சொற்களுக்கு மேல் நீண்ட விசாரணைக் கட்டுரையை அந்த நாளிதழே தன் முதல் பக்கத்தில் தொடங்கி வெளியிட்டது. அடுத்த மாதம் தலைமை ஆசிரியரும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவரும் பதவி விலகினார்கள். இந்தியாவில் 'தி இந்து' 2006-ல் வாசகர் ஆசிரியர் என்றொரு பதவியை உருவாக்கி, வாசகர் புகார்களை விசாரித்துத் திருத்தங்களை நாள்தோறும் அச்சிடத் தொடங்கியது. உங்கள் பேப்பரில் ஒரு மாதத்தில் ஒரு திருத்தம்கூட வரவில்லையென்றால், அவ்வளவு சுத்தமாக எழுதுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செய்தியா, விளம்பரமா?

கருத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், கவனக்குறைவையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்டால் என்னைக் கேட்டால் வாய்தாவே கொடுக்கக் கூடாது.

2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் நேரத்தில், அன்றைய முதலமைச்சரைப் புகழும் ஒரே கட்டுரை ஒன்றோடொன்று போட்டி போடும் மூன்று மராத்தி நாளிதழ்களில் வந்திருந்ததைச் செய்தியாளர் பி. சாய்நாத் 'தி இந்து'வில் எழுதினார். பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் இந்தியப் பத்திரிகை மன்றம், காசு வாங்கிப் போடும் செய்திகளைப் பற்றி ஆராய இருவர் குழு அமைத்தது. 2010-ல் குழு கொடுத்த விரிவான அறிக்கையை மன்றம் முழுதாக வெளியிடாமல் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. மத்தியத் தகவல் ஆணையம் சொன்ன பிறகே 2011-ல் முழு அறிக்கையும் வெளியே வந்தது. பத்திரிகைகளைக் கேள்வி கேட்பது பத்திரிகைத் துறைக்கே எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, முதல் பக்கச் செய்திகளைப் போலவே வடிவமைத்த நான்கு பக்க அரசியல் விளம்பரம் பல நாளிதழ்களை மூடிக்கொண்டு வந்தது. திமுக தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்தது. விளம்பரம் என்ற சொல் எங்கோ பொடி எழுத்தில் இருந்தால் சட்டத்துக்குப் போதுமாக இருக்கலாம். கண்ணாடி போட்டுப் படிக்கிற தாத்தாவுக்குப் போதுமா என்பதுதான் நம் கேள்வி. செய்தியும் விளம்பரமும் வாசகர் கண்ணுக்குத் தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளே சொல்கின்றன.

எனவே பென்சில் மாதத்தில் இதையும் பாருங்கள்: கல்லூரி, மருத்துவமனை, நகைக்கடை, மனை விற்பனை பற்றிய "சிறப்புச் செய்தி" எதிலாவது குறை ஒன்று சொல்லப்பட்டிருக்கிறதா? பெரிய விளம்பரம் தருகிற நிறுவனத்தில் விபத்தோ சோதனையோ நடந்தால் பெயரைப் போடுகிறார்களா, "பிரபல துணிக்கடை", "தனியார் மருத்துவமனை" என்று மழுப்புகிறார்களா? அரசு முழுப்பக்க விளம்பரம் வந்த வாரத்தில் அந்தத் துறை பற்றிய விமர்சனச் செய்தி ஏதாவது வந்ததா? நாம் கொடுக்கிற அட்டை விலை பேப்பரை அச்சடிக்கிற செலவுக்கே பெரும்பாலும் காணாது. மிச்சத்தை விளம்பரதாரர் கொடுக்கிறார். இதை மனதில் வைத்தால் பல மௌனங்களுக்குக் காரணம் பிடிபடும்.

முதலாளி யார் என்பதற்குக் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கிற பொடி எழுத்து வரியைப் படியுங்கள். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், எந்த நிறுவனத்துக்காக என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தக் குழுமத்துக்குத் தொலைக்காட்சி, கல்லூரி, வேறு தொழில்கள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். முரசொலி போன்ற கட்சி ஏட்டை வாங்குகிறவர் எதிர்பார்ப்பது வேறு; அதில் ஏமாற்றம் வர வழியில்லை. நடுநிலை நாளிதழ் என்று சொல்லிக்கொண்டு ஒரு பக்கம் சாய்வதுதான் நம்பிக்கையைக் கெடுக்கிறது.

நிறுத்தும் முன் ஒரு கடிதம்

மாத முடிவில் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். அதில் வலுவான ஒன்றை மட்டும் எடுத்து ஆசிரியருக்கு எழுதுங்கள். பத்தையும் கொட்டினால் ஒன்றுக்கும் பதில் வராது. இப்படி எழுதலாம்:

"அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம். இம்மாதம் 14-ஆம் தேதி இதழின் 5-ஆம் பக்கத்தில், எங்கள் ஊர்ப் பெரிய ஏரியைத் தூர்வாரும் பணி முடிந்துவிட்டதாகச் செய்தி வந்துள்ளது. கிழக்குக் கரையில் பணி தொடங்கவே இல்லை. நேற்று எடுத்த படத்தை இணைத்துள்ளேன். செய்தியில் ஒப்பந்ததாரர் தரப்பு மட்டுமே உள்ளது. உங்கள் செய்தியாளர் நேரில் பார்த்துத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். நான் உங்கள் சந்தாதாரர். என் முகவரின் பெயரையும் சந்தா எண்ணையும் கீழே தந்துள்ளேன்."

கடைசி வரி முக்கியம். கடிதம் எழுதுபவர் காசு கொடுத்து வாங்குபவர் என்று தெரிய வேண்டும். மிரட்டல் வேண்டாம், "நடுநிலை நாளேடா?" என்கிற நக்கலும் வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று வாரம் பொறுத்தும் பதில் இல்லை, விஷயமும் பெரிது என்றால் புது டெல்லியில் உள்ள இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம். 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் அமைப்பு. நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். முதலில் ஆசிரியருக்கு எழுதியதற்கான நகல், வந்திருந்தால் அவருடைய பதில், செய்தியின் நறுக்கு, தமிழ்ச் செய்தி என்பதால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, இந்த விஷயமாக நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றை இணைக்க வேண்டும். மன்றத்துக்கு அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். தொலைக்காட்சிச் செய்தி அதன் வரம்பிலேயே வராது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் பின்னால் நொந்துகொள்ள வேண்டியிருக்காது.

ஒரு வீடு நிறுத்தினால் பேப்பருக்குத் தெரியாது என்பது உண்மை. ஊரே நிறுத்தினால் கதை வேறு. 1989 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த சில நாள்களில் 'தி சன்' நாளிதழ், இறந்தவர்களின் சட்டைப்பைகளை ரசிகர்களே துழாவினார்கள் என்பது போன்ற பொய்களை "உண்மை" என்ற தலைப்பில் முதல் பக்கத்தில் போட்டது. லிவர்பூல் மக்கள் அந்தப் பேப்பரை வாங்குவதை விட்டார்கள். தனி விசாரணைக் குழுவின் அறிக்கை வந்த பிறகு, 2012-ல்தான் முதல் பக்கத்தில் மன்னிப்பு வந்தது. இன்றைக்கும் அந்த ஊரின் பல கடைகளில் 'தி சன்' கிடைக்காது.

வீட்டில் கேளுங்கள்

பேப்பர் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. அம்மாவுக்கு ராசிபலன், அப்பாவுக்குக் குறுக்கெழுத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வார இணைப்பு. நாளைக்கு எந்தத் தெருவில் மின்தடை, ஊரில் யார் காலமானார், எந்த நிலத்துக்குப் பொது அறிவிப்பு என்பதெல்லாம் இன்னும் அச்சில்தான் ஒழுங்காக வருகிறது. பேப்பரை நிறுத்திய இடத்தை வாட்ஸ்அப் குரூப்பும் யூடியூப் சேனலும் பிடித்துக்கொண்டால், "வட்டாரங்கள்" என்ற சொல்கூட இல்லாத செய்திதான் வீட்டுக்குள் வரும். அதனால் நிறுத்துவதென்றால் பதிலுக்கு என்ன என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். வேறு நாளிதழுக்கு மாறலாம். ஞாயிறு மட்டும் வாங்கலாம். கடையில் தேவைப்படும் நாளில் வாங்கலாம். அந்தப் பணத்தை வாசகர் சந்தாவில் ஓடும் சிறிய செய்தி இணையதளம் ஒன்றுக்குக் கொடுக்கலாம். பென்சில் சோதனையை அதற்கும் வையுங்கள்.

நிறுத்தும் முறை

முகவர் மூலம் வருகிறதென்றால் மாதக் கடைசிக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர் கட்டு எண்ணிக்கையை மாற்ற அவகாசம் வேண்டும். பேப்பர் போடுகிறவரிடம் கோபத்தைக் காட்டாதீர்கள். அவருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வேறு நாளிதழுக்கு மாறுவதானால் அவரிடமே வாங்குங்கள்.

ஆண்டுச் சந்தா என்றால் ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். குக்கரோ பையோ கொடுத்துச் சேர்த்த திட்டங்களில், நடுவில் நிறுத்தினால் பணம் திரும்பாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அப்படியென்றால் முடியும் தேதியைக் குறித்துவைத்து, அதுவரை படித்துவிட்டு விடுவதே புத்திசாலித்தனம்.

இ-பேப்பரில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் அங்கே "சந்தாக்கள்" பகுதியில் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ என்றால் உங்கள் செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை நீக்குங்கள். கார்டு என்றால் வங்கியின் தளத்தில் இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி) பட்டியலில் இருக்கும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். சேர்வதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்குப் பத்து படி என்று அலையவிட்டால், 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் அதுவும் ஒன்று. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

நிறுத்திய அன்றே விற்பனைப் பிரிவுக்கும் ஆசிரியருக்கும் ஒரே மின்னஞ்சலில் காரணத்தை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். விலை காரணம் இல்லை, செல்போனும் காரணம் இல்லை, இன்ன தேதிச் செய்திக்குத் திருத்தம் வராததே காரணம் என்று.

சில மாதம் கழித்துச் சலுகைத் திட்டத்தோடு ஒருவர் வீட்டுக்கு வருவார், அல்லது போன் வரும். அவர் எதற்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டால் அதே இரண்டு வரியைச் சொல்லுங்கள். அவர் கையில் ஒரு படிவம் இருக்கும், அதில் எழுதிக்கொள்வார். திரும்ப வாங்கிப் பார்க்கலாம் என்று தோன்றினாலும் ஆண்டுச் சந்தா வேண்டாம். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் போடச் சொல்லுங்கள், பென்சிலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.